பாக்கியக்காவுக்கு ஒரு ஓட்டு

"ஜரீனாக்கா, நீங்க ஜெயிச்சாச்சு!"

மூச்சு வாங்க ஓடி வந்த பூவம்மா, டன்லப் ஸ்திரீட் மளிகைக் கடையின் பின்கட்டில் தொப்பென்று உட்கார்ந்தாள். "எல்லார்கிட்டயும் பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை அத்தனை ஓட்டும் உங்களுக்குத்தான். பாக்கியக்காவுக்கு ஒண்ணுகூட விழாது, பாத்துக்கிட்டே இருங்க."

மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த ஜரீனாவுக்கு வந்த சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

"ஒண்ணுகூடவா?"

"அவங்களே அவங்களுக்குப் போட்டுக்கிட்டா ஒண்ணு."

"யா அல்லா! அது இன்னும் கேவலமாச்சே! ஒரே ஒரு ஓட்டு விழுந்தா, அது யாரு போட்டதுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிஞ்சிடுமே!"

பூவம்மா முழித்தாள். ஜெயித்த செய்தி சொன்னால் மிட்டாய் கிடைக்கும் என்று வந்தவள் அவள்.

விஷயம் இதுதான். சிங்கப்பூர் குடியரசான சூட்டோடு சூடாக, தேக்கா மாதர் நலச் சங்கமும் பழைய பலகையைக் கழற்றிவிட்டு, 'தேக்கா குடியரசு மாதர் சங்கம்' என்று புதுப் பலகை மாட்டிக்கொண்டது. பெயர்தான் மாறியதே தவிர வேலை மாறவில்லை. பெரிய மனிதர் யாராவது வந்தால் பன்னீர் தெளிப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை லாரி பிடித்துப் பாசிர் ரிஸ் கடற்கரைக்குப் பிக்னிக் போவார்கள். தேசிய தினத்தன்று பின்சந்தைக் கூட்டப்போகிறோம் என்று ஆளுக்கொரு துடைப்பத்தோடு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். படம் எடுத்ததும் துடைப்பம் வீட்டுக்குப் போய்விடும். சந்து அப்படியே கிடக்கும்.

தலைவி பாக்கியலட்சுமி. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான். அவர் வாயைத் திறந்தால் மைக் தேவையில்லை. ஒவ்வொரு வருஷக் கூட்டத்திலும் எழுந்து, "போதும்மா, நான் விலகிக்கிறேன், வேற யாராச்சும் வாங்க" என்பார். அப்படிச் சொல்வது தலைவிக்கு அழகு. "ஐயையோ, நீங்க இல்லாம சங்கமா!" என்று கத்துவது உறுப்பினர்களுக்கு அழகு. இரு தரப்பும் தத்தம் கடமையைச் செய்துவிட்டுக் கேசரி சாப்பிடப் போய்விடுவார்கள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த சங்கத்தில், பூவம்மா தப்பான பஸ்ஸில் ஏறியதுதான் வினை. ஜெனரல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கணவனுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியவில்லை, கேட்கவும் வெட்கம். பஸ் நேராக ஊர்க் கடைசியில் இருக்கும் பொங்கோல் போய் நின்றது. பன்றிப் பண்ணையையும் மீன்பிடிப் படகுகளையும் பார்த்தபடி கஞ்சியைத் தானே குடித்துவிட்டு, அழுதுகொண்டே திரும்பி வந்தாள்.

அன்றைக்கு ஜரீனாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சங்கத்தில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. நமக்கு எதற்குப் பன்னீர்ச் செம்பு? நேரே சமூக நிலையத்துக்குப் போய்க் கேட்டாள். எழுதப் படிக்கச் சொல்லித்தர அறையும் தருகிறோம், ஆசிரியரும் தருகிறோம். மாதம் முடிவதற்குள் தலைவியின் கையெழுத்தோடு ஒரு கடிதம் மட்டும் கொடுங்கள் என்றார்கள்.

சங்கக் கூட்டத்தில் கடிதத்தை நீட்டியபோது பாக்கியலட்சுமி பேனாவைத் தொடவே இல்லை. "இப்ப என்ன அவசரம்? அடுத்த தலைவி வந்து பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த தலைவியாம்! என்ன எகத்தாளம்! ஜரீனா அங்கேயே எழுந்து நின்று, "அப்ப நானே நிக்கிறேன்" என்றாள்.

பாக்கியலட்சுமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நில்லு. ஆனா கையத் தூக்குற வேலையெல்லாம் வேணாம் லா. குடியரசுன்னு பேரு வெச்சிருக்கோம், ரகசியமாவே ஓட்டுப் போடுவோம். யாரு யாருக்குப் போட்டீங்கன்னு நான் கேக்க மாட்டேன்."

எதிரி எத்தனை பேர் என்று கண்டுபிடிக்கத்தான் இந்தத் தந்திரம் என்று உறுப்பினர்கள் வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டார்கள்.

இப்போது பூவம்மா கொண்டுவந்த செய்தியைக் கேட்டு ஜரீனா காம்பு கிள்ளுவதை நிறுத்திவிட்டாள். ஜெயிக்க வேண்டும், வகுப்பு நடக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் அவள் முதல் பிரசவத்தில் கிடந்தபோது தினமும் ரசம் வைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்த பாக்கியக்கா, ஊர் நடுவில் ஒற்றை ஓட்டோடு தலைகுனிந்து நிற்பதா?

"பூவு, நீ ஒண்ணு செய். உன் ஓட்டைப் பாக்கியக்காவுக்குப் போட்டுரு."

"என்னது!"

"ஒண்ணே ஒண்ணுலா. மத்தது எல்லாம் எனக்கு விழுதுல்ல, நான் ஜெயிச்சிடுவேன். யார்கிட்டயும் சொல்லிடாதே."

பூவம்மா போன பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு ஓட்டு. ஒன்று பாக்கியக்காவே போட்டது, இன்னொன்று யாரோ பரிதாபப்பட்டுப் போட்டது என்றுதானே பேசுவார்கள்? தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்த மூத்த உறுப்பினர் நூருன்னிசாவைத் தனியே இழுத்தாள். "ஆப்பா, உங்க ஓட்டைப் பாக்கியக்காவுக்குப் போட்டுடுங்க. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்."

"ஏம்மா, நீ தோக்குறதுக்கா நிக்கிறே?"

"மூணு விழுந்தா மரியாதையா இருக்கும் ஆப்பா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வீடு திரும்பும் வழியில் பாக்கியலட்சுமியே எதிரில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். குரல் வழக்கத்துக்கு மாறாக இறங்கியிருந்தது.

"ஜரீனா, மறைக்காம சொல்லு. எனக்கு யாருமே ஓட்டுப் போட மாட்டாங்கன்னு பேசிக்கிறாங்களே, நெசமா?"

"ஐயோ, யாருக்கா சொன்னது? உங்களுக்கு நெறைய விழும்!"

"நெறையவா?"

"நெறைய!"

பாக்கியலட்சுமியின் முகம் சட்டென்று வாடிவிட்டது. பிடித்த கையை விட்டுவிட்டுப் போய்விட்டார். தான் சொன்ன பொய்யை அவர் நம்பவில்லை என்று ஜரீனாவுக்குப் புரிந்தது. நம்பாவிட்டால் என்ன, அதை உண்மையாக்கிவிட்டால் போச்சு! அன்று மாலையே பஃப்ளோ ரோட்டில் இரண்டு வீடு ஏறினாள். சும்மா இருக்கட்டும் என்று கெர்பாவ் ரோட்டில் இன்னொரு வீடும் ஏறினாள். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான்: உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்.

இரவுச் சாப்பாட்டில் கணவர் அஹமது கபீரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்: "நீ ஜெயிக்கணுமா, வேணாமா?"

"ஜெயிக்கணும்ங்க."

"அவங்க?"

"அவங்க தோக்கக் கூடாது."

அஹமது கபீர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டையும் ஒண்ணா நடத்துற கட்சி இன்னும் இந்த ஊருல ஆரம்பிக்கல புள்ள" என்று சொல்லிவிட்டுக் கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டார்.

இதில் ஜரீனாவுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. பூவம்மாவின் வயிற்றில் ரகசியம் ஒரு நாள்கூடத் தங்காது. அவள் தனக்குப் பிடித்த நான்கு பேரிடம், "பாவம் பாக்கியக்கா, நீங்க ஒருத்தர் மட்டும் அவங்களுக்குப் போட்டுருங்க, ஜரீனாக்காவே சொன்னாங்க" என்று சொல்லியிருந்தாள். நூருன்னிசா தன் பங்குக்குச் சிலரிடம். கெர்பாவ் ரோட்டு அம்மாளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தேர்தலை நடத்திக் கொடுக்க ஓய்வு பெற்ற தமிழாசிரியர் கோவிந்தசாமி கோட்டு போட்டுக்கொண்டு சங்கக் கூடத்துக்கு வந்திருந்தார். பெயர் எழுதிப் போடச் சொன்னால் பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

"ஆளுக்கு ஒரு வறுத்த கடலை, ஒரு பச்சைப் பயறு தருவேன். கடலை என்றால் ஜரீனா. பயறு என்றால் பாக்கியலட்சுமி அம்மாள். திரைக்குப் பின்னால் காலி மைலோ டின் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியதை அதில் போட்டுவிட்டு வாருங்கள்."

"மிச்சத்த என்னய்யா செய்யிறது?" என்றாள் பூவம்மா.

வாத்தியார் இதை யோசிக்கவில்லை. "அது உங்கள் விருப்பம்" என்றார்.

முதலில் தலைவி உள்ளே போய் வந்தார். அடுத்தது ஜரீனா. திரைக்குப் பின்னால் நின்று உள்ளங்கையைப் பார்த்தாள். எப்படியும் ஜெயிக்கப் போகிறோம், நம் ஓட்டையும் அக்காவுக்கே போட்டால் என்ன? பயறு டின்னுக்குள் விழுந்தது. படபடப்பில் கடலையை வாயில் போட்டு மென்றபடி வெளியே வந்தாள்.

அடுத்துப் பூவம்மா போனாள். அவளும் மென்றுகொண்டே வந்தாள். சரி, அது பேசி வைத்ததுதான். நூருன்னிசா மென்றுகொண்டே வந்தாள். அதுவும் சொன்னதுதான். அடுத்து வந்தவளின் தாடையும் அசைந்தது. அதற்கடுத்தவளுடையதும் அசைந்தது. பச்சைப் பயறை யாரும் இப்படி ரசித்து மெல்ல முடியாது என்பது ஜரீனாவுக்கு மெல்ல உறைத்தது. தான் ஒரு வார்த்தைகூடச் சொல்லாத பெண்கள் எல்லாம் மாடு அசைபோடுவதுபோல் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். கூடம் முழுக்க வறுகடலை வாசம்.

வாத்தியார் மைலோ டின்னைத் தாம்பாளத்தில் கவிழ்த்தார். பச்சைப் பசேலென்று பயறு உருண்டது. நடுவில் ஒரே ஒரு கடலை.

"பாக்கியலட்சுமி அம்மாள், பத்தொன்பது. ஜரீனா, ஒன்று."

கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். தான் ஒருத்தி மட்டும்தான் பரிதாபப்பட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்த பத்தொன்பது பேர்!

பாக்கியலட்சுமியின் முகம் கறுத்துவிட்டது. "பத்தொம்பதா? வாத்தியாரே, இன்னொரு தடவ எண்ணுங்க."

அடேயப்பா! விழாத ஒன்றையும் விடமாட்டார் போலிருக்கே என்று ஜரீனா மனத்துக்குள் பொருமினாள். வாத்தியார் விரலால் நகர்த்தி நகர்த்தி மறுபடியும் எண்ணினார். அதே பத்தொன்பது. பாக்கியலட்சுமி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ஜரீனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தோற்றதுகூடப் பெரிதில்லை. மாதம் முடியப் போகிறது, வகுப்பு போச்சு. பூவம்மா இனி எந்த ஊர்க் கடைசிக்குப் போய் நிற்பாளோ?

"ஜரீனா!" என்று தலைவியின் குரல் கூரையை முட்டியது. "அந்த வகுப்புக் கடுதாசியக் கொண்டா."

கடிதம் ஜரீனாவின் கைப்பையிலேயே இருந்தது. பாக்கியலட்சுமி அதை வெடுக்கென்று வாங்கி, பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி கையெழுத்துப் போட்டார்.

"வகுப்ப நீதான் பாத்துக்கணும். பின்சந்தக் கூட்டுறது, பிக்னிக்கு, பன்னீரு, எல்லாமே இனிமே நீதான் பாத்துக்கணும். எங்கிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது. புரியுதா?"

"புரியுதுக்கா!" ஜரீனாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஓட்டு போனால் போகட்டும், வகுப்பு வந்துவிட்டது! பூவம்மாவைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினாள். கூடத்தில் கலகலவென்று பேச்சு கிளம்பியது. கேசரியும் கோப்பியும் வந்தன.

அதன்பிறகுதான் வேடிக்கை. பூவம்மா அவள் காதருகே குனிந்தாள். "அக்கா, மன்னிச்சிருங்க. நீங்க சொல்லியும் எனக்கு மனசு வரல. அந்த ஒரு கடலை நான் போட்டதுதான்." அவள் முன்பல்லில் கடலைத் தோல் ஒட்டியிருந்தது.

நூருன்னிசா வந்தாள். "யாரு உனக்குப் போடாட்டியும் நான் போடாம இருப்பேனா? அந்த ஒண்ணு என்னோடது."

பஃப்ளோ ரோட்டுக்காரி வந்தாள். கெர்பாவ் ரோட்டு அம்மாள் வந்தாள். ஒவ்வொருத்தியும் தனியே கூப்பிட்டு, கையைப் பிடித்து, உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன் என்று அந்த ஒற்றைக் கடலைக்குச் சொந்தம் கொண்டாடினாள். எல்லோருக்கும் நன்றி சொல்லிச் சொல்லி ஜரீனாவுக்கு வாய் வலித்துப்போனது. பாக்கியலட்சுமி மட்டும் ஒரு மூலையில் கேசரியைத் தொடாமல் உம்மென்று உட்கார்ந்திருந்தார். ஒரு ஓட்டு குறைந்ததற்கே இப்படியா என்று ஜரீனாவுக்குத் தோன்றியது, பாவமாகவும் இருந்தது.

அந்த நேரத்தில்தான் பாக்கியலட்சுமியின் கணவர் இராமசாமி, முகமெல்லாம் சிரிப்பாக, வாழையிலைப் பொட்டலம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். பிரித்தால் கையகலத்துக்கு ரோஜா மாலை. ஜெயித்த மனைவிக்குத்தான் என்று எல்லோரும் வழிவிட்டார்கள்.

அவரோ மாலையை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "இந்தா பாக்கியம், காலையில நீ சொல்லிட்டு வந்த மாலை, ஜரீனாவுக்கு நீயே போட்டுவிடு. ஒன் ஓட்டையும் அவளுக்கே போட்டிருப்பே, வருஷா வருஷம் விலகுறேன்னு கெஞ்சியும் விடாதவங்க, இன்னைக்காச்சும் ஒன்னைய விட்டாங்களா?"