துரை குளத்தில் நான் சாமி வைத்த விபரம்

செண்டாயான் பக்கத்து ரப்பர்த் தோட்டம்,
1943 நவம்பர், வியாழக்கிழமை.

மம்பாவில் இருக்கும் மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் திருநாவுக்கரசு பணிவோடு எழுதுவது. தங்கள் மூட்டுவலி தணிந்திருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் உங்கள் மகள் நீலாவதியும் சுகம். அவள் சுகம் என்பது அடுத்த வீட்டு வள்ளிநாயகி சொல்லித் தெரிந்தது. என்னோடு அவள் பேசுவதில்லை.

உறுதியான செய்தியை முதலில் எழுதுகிறேன். வெள்ளைக்காரத் துரை பங்களாவின் நீச்சல் குளம் மூடப்படாது. போன ஞாயிற்றுக்கிழமை மாலை ஜப்பானிய அதிகாரியே குளக்கரையில் நின்று சொன்னார். துபாஷி தமிழில் சொல்ல, என் காதால் கேட்டேன். அதே மூச்சில் அவர் சொன்ன இன்னொன்றும் உறுதிதான்: அந்தத் தண்ணீரை இனி எவரும் தொடக்கூடாது. இரண்டுக்கும் காரணம் நான்.

நீலாவதி அங்கே வந்து சொல்லுமுன் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். தோட்டத்துப் பம்பு இன்ஜினைப் பட்டாளம் கழற்றிப் போனதிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை, துரை ஓடிப்போன பிறகு அவருடைய குளத்தில்தான், மலை ஊற்று வந்து விழுவதால், குடிக்கவும் குளிக்கவும் நல்ல தண்ணீர் கிடைத்துவந்தது, பங்களாவுக்குப் புதிதாக வந்த அதிகாரியோ குளத்தை மண்போட்டு மூடி மரவள்ளி நடப்போகிறேன் என்றார், பெண்கள் பாடு கஷ்டமாகுமே என்றால், கீழே ஆறு இருக்கிறதே என்றார். ஆற்றுக்கு இறங்கிக் குடத்தோடு மேடேறுவது எப்படியென்று அவருக்குத் தெரியாது, ஆண்களில் பாதிப்பேர் சயாம் ரயில் வேலைக்குப் போய்விட்டார்கள். அப்போதுதான், இருபது வருஷம் பத்திரிகைக்குச் செய்தி எழுதிவிட்டு இப்போது இந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் நான் ஒரு யோசனை சொன்னேன்: ஜப்பான்காரர்கள் கோயில் என்றால் தலை வணங்குகிறவர்கள், இதைத் தெப்பக்குளம் என்று சொல்லிவிடுவோம், சண்டைக்குப் பயந்து ஒளித்து வைத்திருந்த அம்மனைத் திரும்ப வைத்துவிட்டோம் என்போம்.

அதிகாரி சிரம்பான் போயிருந்த சமயம் வசூலுக்கு இறங்கினோம். திருவிழா வசூல் மாதிரியே மஞ்சள் துணி கட்டிய தட்டோடு லயம் லயமாகப் போனேன். முதல் வீட்டுக்காரி பஞ்சாலை தன் வீட்டு வெண்கல விளக்கைக் கொடுத்தாள். கடைக்கார லியாக்கத் அலி ஒரு போத்தல் எண்ணெய் கொடுத்து, "சாமிக்குன்னு எழுதாதீங்க கிராணியாரே, தண்ணிக்குன்னு எழுதிக்குங்க" என்றார். வள்ளிநாயகி தன் கூறைப் புடவையைத் தட்டில் வைத்தாள். வேண்டாம் என்றேன். "அவரு சயாமுக்குப் போனதுலருந்து நான் கட்டல. சாமியாச்சும் கட்டட்டும்" என்றாள். அதை நான் வாங்கிக்கொண்டேன், மாமா.

துரை குதித்து விளையாடிய பலகையின் மேல் ஒரு கல்லை நட்டுப் புடவை சுற்றி, மஞ்சள் பூசினோம். பூசாரி கிடைக்காததால் சட்டையைக் கழற்றிவிட்டு நானே நின்றேன். அதிகாரி வந்தார், பார்த்தார், பூட்ஸைக் கழற்றிவிட்டு இடுப்பு வளையக் கும்பிட்டார். பலகை எதற்கு என்று கேட்டார். அம்மன் நீராட இறங்கும் வழி என்றேன். எவ்வளவு புனிதமான தண்ணீர் என்றார். மகா புனிதம், ஒரு துளியில் கால் பட்டாலும் பாவம் என்று வாய்க்கு வந்தபடி அளந்தேன். அவர் கண் கலங்கியது. உடனே குளத்தைச் சுற்றி வேலி போட்டு வாசலில் சிப்பாயை நிறுத்திவிட்டார்.

"சாமியக் கும்பிட்டோம், தண்ணி போச்சு. அடுத்து எதக் கும்பிடச் சொல்றீங்க?" என்று பஞ்சாலை கேட்டாள். நீலாவதி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தக் கால் பட்டா பாவங்கறத யாரு உங்கள சொல்லச் சொன்னா?" அதற்குப் பிறகுதான் பேச்சு நின்றது. விளக்கைத் திருப்பிக் கேட்க யாரும் வரவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். காலையில் அவர்கள் குடத்தோடு மேடேறி வரும்போது ஆபீஸ் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம். வீட்டில் எல்லோருக்கும் அரிசியும் ஆரோக்கியமும் குறையாதிருக்கட்டும்.

தங்கள் மருமகன்,
திருநாவுக்கரசு

பின்குறிப்பு: இதை வண்டிக்காரரிடம் கொடுக்குமுன் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் நல்லசாமி வந்தார். மேலே எழுதியதை மறந்துவிடவும். இன்று காலை நீலாவதி பெண்களைக் கூட்டிக்கொண்டு, குடத்துக்கெல்லாம் மஞ்சள் பூசி, அதிகாரியிடமே போயிருக்கிறாள். "தீர்த்தத்தத் தினம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும். இல்லாட்டி அம்மனுக்குக் கோவம் வரும் லா. பூசாரி புதுசு, பாதிய மறந்துட்டாரு" என்றாளாம். வீட்டுக்கு எவ்வளவு தீர்த்தம் என்று துபாஷி கேட்க, "ரெண்டு குடம். பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு நாலு" என்றாளாம். முதல் குடத்தை அதிகாரியே நிரப்பித் தூக்கிவிட்டாராம். இவ்வளவும் என் ஆபீசுக்குக் கூப்பிடு தூரத்தில் நடந்தது. சாத்திய ஜன்னலுக்குள் இருந்த எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

குளிப்பதும் துவைப்பதும் பூசையில் சேருமா என்பது இன்னும் முடிவாகவில்லை. சிரம்பானில் மேலிடத்தைக் கேட்டுச் சனிக்கிழமை சொல்வதாக அதிகாரி கூறியிருக்கிறார். அதுவரை குளத்தில் இறங்கிக் குளிக்க அனுமதி பூசாரிக்கு மட்டும். லயமே பார்த்துக்கொண்டிருக்க நான் எந்த முகத்தோடு இறங்குவேன்? நானும் சனிக்கிழமைக்குத்தான் காத்திருக்கிறேன்.