மூச்சுப் பயிற்சியில் ஒரு ரெய்டு

கோபம் வந்தால் நான் நல்ல மனிதன் இல்லை. இதைச் சொல்லும்போதே கோபம் வருகிறது. எங்கள் ஊர் வடமாலபேட்டையில் என்னைக் 'கொதிக்கிற அண்டா' என்பார்கள். (சொல்பவர்கள் தள்ளி நின்றுதான் சொல்வார்கள்.)

திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியின் பெண்கள் கபடி அணிக்கு நான் கோச். ஜெயித்தால் நிர்வாகத்தின் பெருமை, தோற்றால் கோச்சின் வாய். போன வருடம் அரையிறுதியில் நடுவரைப் பார்த்து நான் கத்திய கத்தலுக்கு, கரஸ்பாண்டெண்ட் ஒரு கடிதம் நீட்டினார்: கோச்களுக்கான மன அமைதி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை. (கிழிந்த கபடி விரிப்பை மாற்றச் சொல்லி நான் மூன்று வருடமாக நீட்டிய கடிதங்கள் எங்கே போயினவோ!)

வகுப்பில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். பக்கத்தில் முனிரத்தினம்! அந்த அரையிறுதியில் எங்களைத் தோற்கடித்த சித்தூர் அணியின் கோச்.

"இன்னா நைனா, உன்னையும் தள்ளி வுட்டாங்களா?"

"வாய மூடு. நான் அமைதியாவ வந்துகீறேன்."

மனநல டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "கண்ண மூடுங்க சார். மூச்ச இழுத்துப் பிடிங்க. மனசுக்குப் பிடிச்ச ஒரு வார்த்தைய சொல்லிக்கினே மெதுவா விடுங்க" என்றார்.

மூச்சைப் பிடித்துச் சொல்ல எனக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை.

"கபடி கபடி கபடி..."

சட்டென்று என் கணுக்காலை ஒரு கை கவ்வியது. முனிரத்தினம்! கண்ணைக்கூடத் திறக்கவில்லை. (ஆடிய காலத்தில் கால் பிடிப்பதில் அவன் பேய்.) விடுவேனா? ஜமக்காளத்தோடு அவனையும் இழுத்துக்கொண்டு பாய்ந்து தொட்டேன். தொட்டது டாக்டரம்மாவின் நாற்காலியை. அவர் தரையில் கிடந்தார்.

"டச்! பாயிண்ட்டு!" என்று கத்தினேன்.

"மூச்ச வுட்டுட்ட, அவுட்டு!" என்றான் முனிரத்தினம்.

"யார்ரா வுட்டது? அன்னிக்கும் இப்டித்தான் ஏமாத்துன!"

டாக்டரம்மா இடுப்பைத் தடவிக்கொண்டே எழுந்தார். வேலை போயிற்று என்று நின்றேன். அவரோ, "நீங்க ரெண்டு பேரும் கடைசியா எப்ப லீவு எடுத்தீங்க?" என்று கேட்டார்.

முனிரத்தினம் என்னைப் பார்த்தான். நான் ஜமக்காளத்தைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட எங்களை இதைக் கேட்டதில்லை. அதற்கும் கோபம்தான் வந்தது. அவர்மேல் அல்ல.

சான்றிதழில் எழுதிக் கொடுத்தார்: "மனநிலை சரியாக உள்ளது. கோபத்துக்குக் காரணம் உள்ளது. வாரம் ஒரு நாள் ஓய்வு அவசியம்."

கரஸ்பாண்டெண்ட் முதல் வரியைப் படித்து வேலையை நீட்டித்தார். மூன்றாவது வரியை இன்றுவரை படிக்கவில்லை.

ஆனால் வீட்டில் மொத்தக் கதையும் மனப்பாடம். நான் சாமி படத்தின் முன் கண்ணை மூடினால் போதும், சமையலறையிலிருந்து மனைவி மகளுக்குக் குரல் கொடுக்கிறாள்:

"ஏ புள்ள, வெளக்க தள்ளி வையி! உங்க நைனா ரெய்டு போவப் போறாரு!"