ஒழுங்காகத் தோற்பது எப்படி

“ஒழுங்கா தோக்கக்கூட உனக்கு வரல. ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் சொல்லித் தருவான்?”

சாப்பாட்டு மேஜைமேல் இரண்டு செஸ் போர்டு. எதிரில் என் வீட்டுக்காரர், நெற்றியெல்லாம் வியர்வை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவருடைய மேனேஜரும் மேனேஜர் மனைவியும் செஸ் ஆட வருகிறார்கள். ஆபீஸிலிருந்து யாரோ ஒருவரை மலைமேல் இருக்கும் கிளைக்கு அனுப்பப் போகிறார்களாம். இவரோ மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர். பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம்.

“மறுபடி சொல்றேன், கேளு. இது ஜோடி செஸ். நான் மேனேஜரோட மோதறேன், நீ அவர் சம்சாரத்தோட. ரெண்டு போர்டும் ஒரே நேரத்துல நடக்கும். நீ வெட்டற காய் எனக்கு வரும். என் முறையில நகர்த்தறதுக்கு பதிலா அதைக் காலிக் கட்டத்துல வைக்கலாம். அவங்களுக்கும் அப்படித்தான். எந்த போர்டுல ராஜா மாட்டினாலும் ரெண்டு ஆட்டமும் முடிஞ்சுது.”

“அப்ப நான் எதையும் வெட்டக் கூடாது.”

“அப்பாடா, புரிஞ்சுடுச்சு. நான் அழகா தோப்பேன். அவர் மனசு குளிர்ந்து வேற ஆளை அனுப்புவார். மந்திரி குறுக்கே போகும்கறதை மட்டும் நீ ஞாபகம் வச்சுக்கோ.”

நான் கான்வென்ட்டில் படித்தவள். மழை பெய்தால் விளையாட்டுப் பீரியடில் சிஸ்டர் செஸ் போர்டைத்தான் விரிப்பார். கல்யாணமானதிலிருந்து இவர் அதைக் கேட்டதும் இல்லை, கேட்கக் காது கொடுத்ததும் இல்லை.

வந்தார்கள். காபி எடுக்கப் போன என் பின்னாலேயே மேடமும் சமையலறைக்குள் வந்தார்.

“உங்க வீட்டுக்காரராவது நல்லா ஆடுவாரா?”

“ஏன் மேடம்?”

“போன மாசம் ஒருத்தர் வீட்டுக்குப் போனோம். வேணும்னே தோத்தார். எங்க வீட்டுக்காரருக்கு அது மட்டும் ஆகவே ஆகாது. மறுநாளே அவரை ஊர்க்கோடி கிடங்குக்குத் தூக்கி அடிச்சுட்டார்.”

காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினால், இவர் மேனேஜருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாயிற்று. தோற்கக் கூடாது என்று கண்ணால் சொல்லிப் பார்த்தேன். புரிந்ததாகத் தலையாட்டினார். ஆட்டிவிட்டு, ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே தன் ராணியைக் கொண்டுபோய் மேனேஜரின் குதிரை பாயும் கட்டத்தில் நிறுத்தினார்.

மேனேஜர் வெட்டினார், மனைவியிடம் நீட்டினார். இவர் பறிகொடுத்த ராணி என் ராஜாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கட்டின புருஷனே எதிராளிக்கு ஆள் அனுப்பினால் நான் ஒருத்தி எத்தனை பக்கம் பார்ப்பது?

எப்படியோ ராஜாவைத் தப்பவைத்தேன். மேடத்தின் யானையை வெட்டி இவரிடம் நீட்டினேன். மேஜைக்கடியில் என் காலில் ஒரு உதை.

“இந்தாங்க, யானை.”

“எனக்கு வேண்டாம்.”

மேனேஜர் நிமிர்ந்தார். “வேண்டாமா?”

“இப்போதைக்கு வேண்டாம்னேன் சார்.”

மேனேஜர் கொட்டாவி விட்டார். எனக்கு உயிரே போனது. அப்புறம் நான் வெட்டாத காய் இல்லை. யானை, குதிரை என்று மிருகக்காட்சிசாலையே முன்னால் குவிந்திருக்க, இவர் ஓரத்துச் சிப்பாயை நகர்த்திக்கொண்டிருந்தார். இவர் ராஜா மாட்ட இன்னும் ஓர் அடிதான் பாக்கி. நான் முந்திக்கொண்டேன்.

“செக்மேட்.”

ஜோடி ஆட்டமாயிற்றே, என்னோடு சேர்ந்து இவரும் ஜெயித்துத் தொலைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

“சார், அவ ஏதோ தெரியாம…”

“தெரியாமலா?” மேனேஜர் என் போர்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இப்படி ஒரு ஆட்டம் பார்த்து எவ்வளவு நாளாச்சு. உங்களை எங்கேயும் அனுப்பப் போறதில்ல. அனுப்பினா இவங்களும் போயிடுவாங்களே. இனி வாராவாரம் வர்றோம். அடுத்த வாரம் இவங்க என் பக்கம். நீங்க என் சம்சாரத்தோட சேர்ந்து எங்களை எதிர்த்து ஆடுங்க. ஆனா ஒண்ணு, வேணும்னே தோத்தா மட்டும் மலைதான்.”

மேடம் இவரை ஏற இறங்கப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

அவர்கள் போனதும் நான் குழாயைத் திறந்து டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தேன். இவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“ஏம்மா, அடுத்த வாரம் நான் நிஜமாவே தோத்தா, அது நிஜம்தான்னு அவர்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லுவியா?”