முப்பதடி ஆழத்தில் ஒரு வீடு

காப்டன் ஹைரம் டட்டில் மூன்று கப்பல்களைப் பவளப்பாறையில் ஏற்றியவர். கடற்படை மேலிடம் தீர யோசித்து, நகராத ஒன்றை அவரிடம் ஒப்படைப்பதே தேசநலனுக்கு உகந்தது என்று முடிவு கட்டி, சமோரோ மக்களின் தீவுக்கு அவரை ஆளுநராக அனுப்பிவைத்தது.

பால்தசார் சார்ஃபவுரோஸ் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தகப்பன் விட்டுப்போன மனைக்குப் பட்டா. ஆளுநர் கடற்படை வரைபடத்தை விரித்து விரலை வைத்தார்.

"உன் வீடு கடலுக்குள்ள இருக்கு. முப்பதடி ஆழம்."

"ஐயா, வாசல்ல ரொட்டிப்பலா மரம் நிக்குது. நிழல்ல நாய் படுத்திருக்கு."

"வரைபடத்துல நாய் இல்லையே."

பட்டா மறுக்கப்பட்டது. வீடு, பால்தசாரின் கையெழுத்தோடு படகாகப் பதிவாகி, நங்கூரமின்றி நின்ற குற்றத்துக்கு எச்சரிக்கையும் பெற்றது. பால்தசார் ஒரு பாறாங்கல்லைக் கயிற்றில் கட்டி வாசலில் போட்டார். அதிகாரி வந்து இழுத்துப் பார்த்து, "பிடிமானம் திருப்திகரம்" என்று எழுதிப் போனார்.

ஊரே சிரித்தது. கள்ளுக்குத் தடை வந்ததும் சிரிப்பு நின்றது. தடை, தரையில் வசிப்போருக்கு மட்டுமாம். ஆளுநர் அலுவலகத்தில் எழுத்தராயிருந்த மைத்துனன் யூசெபியோ ஓடிவந்தான்.

"மச்சான், நீ குடிச்சா யாரும் கேக்க முடியாது! எனக்கும் ஒரு கல்லு குடு, கயிறு குடு."

"உன் வீடு மலை உச்சியில இருக்கேடா?"

"மனுப் போட்டா கடல் ஏறி வரும்."

வந்தது. ஆளுநர் வரைபடத்தில் நீலம் பூசிக்கொண்டே போனார். ஒரே மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள், தாங்கள் கடலில் வசிப்பதாகக் கையெழுத்திட்டன. பாதிரியார் மாதா கோயிலையும் சேர்த்துவிட்டார்.

"அடப்பாவிங்களா, இருக்கிற மண்ணையும் எழுதிக் குடுக்கிறீங்களே!" என்று பால்தசார் தெருத்தெருவாகக் கத்தினார்.

"உனக்கு மட்டும் படகு வேணுமா? வயித்தெரிச்சல் புடிச்சவனே!" என்று குவளையை நீட்டினார்கள். வெயில் வேறு. வாங்கிக் குடித்தார்.

'தரையில் குடியிருப்போர் எவருமில்லை. ஆகவே புகாரும் இல்லை' என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. இப்படியொரு நிர்வாகத்தைக் கண்டிராத மேலிடம் டட்டிலை அட்மிரலாக்கியது. ஆளில்லாத தீவில் விமானதளம் கட்டவும் உத்தரவிட்டது.

ரொட்டிப்பலா மரத்தை வெட்டிய அன்று பால்தசார் மறுபடி போனார்.

"விமானம் கடல்லயா ஐயா இறங்கும்?"

"தரையிலதான். புது வரைபடம் வந்தாச்சு."

"அப்ப என் பட்டா?"

"தரை எங்களுது. நீ கடல்ல இருக்கேன்னு நீயே கையெழுத்துப் போட்டிருக்கே."

அன்று மாலையே பால்தசார் ஊரைக் கூட்டினார். மேலிடத்துக்கு மனு அனுப்புவதென்று ஏகமனதாக முடிவாயிற்று. முழக்கத்தில் கூரை அதிர்ந்தது. யூசெபியோ காகிதத்தை விரித்து, 'இத்தீவில் குடியிருக்கும் நாங்கள்' என்று தொடங்கினான்.

கையெழுத்திட ஒருவரும் முன்வரவில்லை. அப்படி எழுதினால் மறுநாளிலிருந்து கள் கிடைக்காது.