மொட்டைமாடியில் ஒரு லைசென்ஸ்காரன்

சிக்னல் கிடைக்காவிட்டால் குமுளிக்காரர்கள் நாங்கள் கருவியைச் சந்தேகப்பட மாட்டோம், நிற்கிற இடத்தைத்தான் சந்தேகப்படுவோம். போனைத் தூக்கிக்கொண்டு கம்பம் ஊர் இருக்கிற பக்கமாக நாலடி நகர்வோம். அப்போதும் வராவிட்டால் மாடி ஏறுவோம். பிறந்ததிலிருந்து பழகிய இந்த ஞானம்தான் என் மானத்தைக் கப்பலேற்றியது.

நான் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பாளர். ஹாம் ரேடியோ (தனி ஆட்கள் லைசென்ஸ் வாங்கிப் பேசும் வானொலி, பேசுகிறவருக்கும் ஹாம் என்றே பேர்) பரீட்சையில் தேறி லைசென்ஸ் வந்ததும், அதை பிரேம் போட்டு ஹாலில் மாட்டினேன். (ஆணி ஒன்றுதான் இருந்தது. கல்யாண போட்டோவைக் கழற்ற வேண்டியதாயிற்று. அந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.) மழைக்காலத்தில் எங்கே மண் சரிந்தது, எங்கே மரம் விழுந்தது என்று ரேடியோவில் தகவல் சொல்லும் தன்னார்வக் குழு ஒன்று எங்கள் பக்கம் உண்டு. அதில் சேர்ந்தே தீருவது என்று துடித்தேன். குழுவை நடத்தும் ஜோஸ் சேட்டன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஞாயிறு காலை என் வீட்டிலிருந்து ரிப்பீட்டர் வழியாக எல்லோரோடும் பேசிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் அடுத்த மழைக்காலம்வரை காத்திருக்க வேண்டும்.

ரிப்பீட்டர் மலையுச்சியில் இருக்கும். நம் கைரேடியோ மெலிதாகச் சொல்வதை வாங்கி, மலைக்கு அந்தப் பக்கமும் கேட்கிறமாதிரி பலமாகத் திருப்பிச் சொல்லும். ஆனால் நம் குரலோடு அதற்கென்று குறித்த ஒரு தொனியும் சேர்ந்து போனால்தான் நம்மை உள்ளே விடும். அந்தத் தொனியை நம் ரேடியோவில் அனுப்புகிற பக்கம் வைத்தால் போதும். நான் எதற்கும் இருக்கட்டும் என்று கேட்கிற பக்கமும் வைத்துவிட்டேன். எங்கள் ரிப்பீட்டர் திரும்பத் தொனி அனுப்பாது. ஆகவே தொனி வராத குரல்களையெல்லாம் என் ரேடியோ ஊமையாக்கிவிட்டது. நான் பேசுவது எல்லோருக்கும் கேட்கும், மற்றவர்கள் பேசுவது எனக்கு மட்டும் கேட்காது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

ஞாயிறு காலை, நல்ல மழை. லைசென்ஸோடு எனக்குக் கொடுத்த அடையாளக் குறியீடான கால் சைனைக் கம்பீரமாகச் சொன்னேன். பதில் இல்லை. குரலை உயர்த்தினேன். அப்போதும் இல்லை. வேறென்ன, இடம்தான் சரியில்லை. மொபைல் அலை வந்து மோதும் என்ற என் சொந்த விஞ்ஞானப்படி போனை அணைத்தேன். மைக்கை மனைவி சாந்தியிடம் கொடுத்தேன். சாந்தி அங்கன்வாடி டீச்சர்.

"நான் மாடியில ஆன்டெனாவத் திருப்புறேன். நீ பட்டன அமுக்கிப் பேசு. மூச்சு வாங்குறப்ப விட்டுரு. பதில் வந்தா கூப்புடு."

"என்னத்தங்க பேச?"

"எதையாவது பேசு. எவனுக்கும் கேக்கல."

(லைசென்ஸ் இல்லாதவர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு நகரக் கூடாது. பரீட்சையில் இதற்குச் சரியான விடை எழுதியவன் நான்.)

மாடியில் நனைந்துகொண்டே ஆன்டெனா கட்டிய குழாயைத் திருப்பினேன். கீழே ஜன்னலோரம் சாந்தி, குழந்தைகளுக்குப் பாடம் நடத்தும் குரலில் ஆரம்பித்தாள்.

"மலை மேல இருக்க மிஷினே, உனக்காவது கேக்குதா? இந்த மனுசன் ஊரக் காப்பாத்தப் போறாராம். இடி இடிச்சா மொதல்ல போர்வைக்குள்ள போற ஆளு இவருதான். சமையக்கட்டுக் கூரை ஒழுகுது, அதக் காப்பாத்த ஆளில்ல..."

வரிசையாக எல்லாம் வந்தது. ரிசார்ட் மேனேஜரை நான் வீட்டில் என்ன பேர் சொல்லித் திட்டுவேன் என்பதும் வந்தது. திட்டுவதற்கு விஷயம் தீர்ந்ததும் (தீர்ந்ததே எனக்கு ஆச்சரியம்) ஜன்னலில் தெரிந்ததைச் சொல்லத் தொடங்கினாள்.

"இங்க நல்ல மழை. கீழ வளைவுல மண்ணு சரிஞ்சு பாதி ரோட்ட மூடிருச்சு. ஏலத்தோட்டத்துக்குப் பொம்பளைகள ஏத்திட்டு வந்த ஜீப்பு ஒண்ணு அங்கயே நிக்குது. யாருக்கும் அடியில்ல. மேல இருந்து இன்னும் கல்லு உருளுது. திருப்பிச் சொல்றேன், இன்னும் கல்லு உருளுது."

தோற்றுப்போய் இறங்கினேன். இந்த மழைக்காலம் கையைவிட்டுப் போயிற்று என்று அழுகையே வந்தது. போனை உயிர்ப்பித்த உடனே அது அலறியது. ஜோஸ் சேட்டன்.

"மோனே, எத்தற தடவ போன்ல விளிக்கிறது? எல்லாம் கேக்குது, கேட்டோ!"

"எல்லாம்னா சேட்டா?"

"போர்வை, மேனேஜர், எல்லாம். அது போட்டே, விடு. போலீஸ்ல சொல்லியாச்சு, பின்னால வந்த ஜீப்பெல்லாம் கீழயே நிறுத்தியாச்சு. இப்ப கல்லு உருளுதான்னு டீச்சரப் பார்த்துச் சொல்லச் சொல்லு. நீ மைக்கத் தொடாத!"

சாந்தி திரும்பவும் ஜன்னலுக்குப் போனாள். நான் ஈரத்துணியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவமானத்தில் காது சுட்டது. ஆனால் சொல்லிவிடுகிறேன், அவள் நிதானமாகப் பேசியதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்த வளைவுக்கு அதன்பிறகு எந்த ஜீப்பும் வரவில்லை.

என்னைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள், டீச்சரும் பரீட்சை எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவள் முதல் தடவையிலேயே தேறினாள். (என் கணக்கை இங்கே கேட்க வேண்டாம்.) இப்போது மழைக்காலக் காலைகளில் குழுவை அழைத்து நடத்துவது அவள் குரல்தான். எங்கோ தொலைவிலுள்ள வட்டவடையிலிருந்துகூட, டீச்சர் வந்தாச்சா என்று கேட்கிறார்கள்.

ரிசார்ட்டில், விஷயம் காதுக்கு எட்டியதிலிருந்து, மேனேஜர் நான் வைத்த பேரைச் சொல்லித்தான் தன்னை எனக்கு அறிமுகப்படுத்திக்கொள்கிறார். அதைத் தாங்கிக்கொள்வேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எங்கள் மகள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

"அம்மா ஹாம். அப்பா ஆன்டெனா."