ஓப்பநாயக்கவில் எழுந்த அலை

இந்த ஜென்மத்தில் கடற்கரைப் பக்கம் கால் வைப்பதில்லை என்று ஒரு நாள் தீர்மானம் செய்தேன். லேசான தீர்மானம் அல்ல. மலையைப் போன்ற தீர்மானம். அதே நாளில் என் மனைவி ஜெயம்மாவும் ஒரு தீர்மானம் செய்திருந்தாள். அவளுடையது சின்னது. கடலைப் பார்த்துவிடுவது, அவ்வளவுதான்.

எந்தத் தீர்மானம் ஜெயித்தது என்று ஊகிக்க நீங்கள் கெட்டிக்காரராக இருக்க வேண்டியதில்லை. கல்யாணம் ஆகியிருந்தால் போதும்.

அப்போது இலங்கையில், ஓப்பநாயக்க பஜாரில் எனக்கு ஒரு போட்டோக் கடை இருந்தது. சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் நான்தான் போட்டோ மாஸ்டர். கூலியாட்களை மேய்க்கிற கங்காணிமார் கோட்டும் குடையுமாக வந்து உட்காருவார்கள். கல்யாண ஜோடிகள் வந்து மரக்கட்டையாக நிற்பார்கள். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, "அசையாதீங்க!" என்று அதட்டுவேன். என் வேலை அதோடு முடிந்தது. மிச்சமெல்லாம் ஜெயம்மா. கண்ணாடித் தட்டில் விழுந்த முகத்தின் மேல் அவள் பென்சில் முனையை வைத்தால் அம்மைத் தழும்பு மறையும். ஒன்றரைக் கண் நேராகும். விழுந்த பல் திரும்பி முளைக்கும். படத்தில் பார்த்த மாப்பிள்ளை வேறு, வந்து நிற்கிற மாப்பிள்ளை வேறு என்று பெண் வீட்டார் சண்டைக்கு வந்ததும் உண்டு. பலகையில் இருந்தது என் பெயர். கடை நின்றது அவள் பென்சிலில்.

அவள் போய்ப் பல வருஷமாகிறது. இருந்திருந்தால் இதை எழுத விட்டிருக்க மாட்டாள். விட்டிருந்தாலும் பக்கத்தில் பென்சிலோடு உட்கார்ந்திருப்பாள்.

வினை தொடங்கியது பெண் பார்க்கப் போன இடத்தில். "மாப்பிள்ளை தொழிலை எங்கே படிச்சீங்க?" என்று அவளுடைய அப்பா கேட்டார். சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப் போன புத்தகத்திலும், நான் பாழாக்கிய கண்ணாடித் தட்டுகளிலும் படித்தேன். அதைப் பெண் வீட்டில் சொல்ல முடியுமா? "கொழும்பில், கடலுக்கு எதிரே ஒரு பெரிய ஸ்டூடியோவில்" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ஜன்னலைத் திறந்தால் அலை வந்து கேமராவை நனைத்துவிடும்" என்றும் சேர்த்தேன்.

நான் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவன். கொழும்புக்குப் பாதி வழியான அவிசாவளைக்கு அப்பால் போனதே இல்லை. கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது உப்பாக இருக்கும் என்பதுதான்.

கொழும்பு ரயில் ஓப்பநாயக்க வரைக்கும் வந்த பிறகு ஜெயம்மா என்னை விடவில்லை.

"என்னங்க, ஒரு தடவை கடலைப் பாத்துட்டு வரலாங்க."

"கடல்ல என்ன இருக்கு? தண்ணி."

"எவ்வளவு தண்ணி?"

"நெறைய."

"அந்த நெறையத்தைத்தான் பாக்கணும்."

"ஆபத்து ஜெயம்மா. அலை வந்து இழுத்துக்கிட்டுப் போயிரும்."

"உங்களை இழுத்துக்கிட்டுப் போகலையே. அங்கேயே இருந்துதானே தொழில் படிச்சீங்க?"

நான் தேநீரைக் குடித்தேன். கோப்பையில் தேநீர் இல்லை. இருந்தாலும் குடித்தேன்.

போனால் என் பொய் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். போகாமல் இருக்க ஒரே வழி, அவளே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் அந்த மகா யோசனை பிறந்தது. கடலின் ஆபத்தை ஒரு படமாக எடுத்து அவள் கையில் கொடுத்துவிடுவது!

கடலில்லாமல் கடலை எடுப்பது எப்படி? பக்கத்துத் தோட்டத்துக்குப் பின்னால் ஓர் அருவி இருந்தது. நல்ல மழைக் காலம். ஜெயம்மா பலாங்கொடைக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து அருவியைப் படமெடுத்தேன். அதைச் சாய்த்து ஒட்டினால் அலை. ஆற்றங்கரையை எடுத்தேன். அது கடற்கரை. அலை அடித்துக்கொண்டு போக ஆள் வேண்டுமே! கடையில் இருந்த படங்களைப் புரட்டினேன். வேலுசாமிக் கங்காணியும் அவர் சம்சாரமும் அகப்பட்டார்கள். கங்காணி நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலிலும் கையூன்றி, கண்ணை உருட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள் எல்லாருக்கும் சாகப் போகிறவன் முகம்தான். எனக்கு வேலை மிச்சம்.

கத்தரித்தேன். ஒட்டினேன். நாற்காலியை அழித்தேன். கங்காணி அந்தரத்தில் உட்கார்ந்தபடியே இருந்தார். பெரிய மனிதர், அடையாளம் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார் என்று முகத்தை மட்டும் விரலால் தேய்த்து மங்கலாக்கினேன். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி படமெடுத்தேன்.

ஜெயம்மா வந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நீட்டினேன்.

"கொழும்புச் சிநேகிதர் அனுப்பியிருக்கார். கடற்கரையில எடுத்ததாம். பாரு, ஜெயம்மா. பாக்காதே. சரி, பாரு."

அவள் வெளிச்சத்துக்குப் போய் நின்று பார்த்தாள்.

"இந்த ரெண்டு பேரும் பொழச்சாங்களா?"

"இல்லை."

"அடப் பாவமே. சாகுறப்பகூட மரியாதையா உக்காந்திருக்காரே."

"பயத்துல கால் மடங்கிருச்சு."

"இது என்னங்க, அலைக்குள்ள? சேம்பு இலை மாதிரி இருக்கு."

"கடல் சேம்பு."

"ஓ." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வேணாங்க. இப்படிப்பட்ட இடத்துக்கு நாம போக வேணாம்."

எனக்குள் ஆயிரம் வாணம் வெடித்தது. முகத்தை மட்டும் துக்கமாகவே வைத்துக்கொண்டேன்.

"ஆனா படம் சரியில்லைங்க" என்றாள். "பயம் பத்தலை. என்கிட்ட குடுங்க, கொஞ்சம் கை வச்சுத் தர்றேன். நீங்க கடலோட இருந்தவரு. கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க, போதும்."

வாரம் முழுக்க அவள் பென்சிலும் தூரிகையுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் கடலாக உட்கார்ந்திருந்தேன்.

"கடல்தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?"

"தெக்கே, காலி ஊர்ப் பக்கம்."

"அக்கரை தெரியுமா?"

"வெயில் நல்லா இருந்தா தெரியும்."

"மழை பெஞ்சா கரையைத் தாண்டுமா?"

"ஆடி மாசத்துல தாண்டும். ஸ்டூடியோவுக்குள்ள முழங்கால் அளவு வந்திருக்கு."

"சரிங்க" என்பாள். தலையைக் குனிந்துகொள்வாள். தோள் மட்டும் லேசாகக் குலுங்கும். பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அவள் முடித்ததைப் பார்த்து நான் ஓர் அடி பின்னால் போனேன். என் அருவியைக் காணவில்லை. அங்கே வேறு ஏதோ எழுந்து நின்றது. உச்சியில் கண்ணாடி மாதிரி மெல்லிசாக, வெயில் ஊடுருவுகிற மாதிரி. அடியில் மை மாதிரி இருட்டு. நுரை மடிந்து விழுகிற இடத்தில் கையை வைத்தால் நனையும் போல இருந்தது. அழகு என்று கிட்டப் போனால் அடித்துவிடும் என்று பயம். பயம் என்று விலகினால் இன்னும் ஒரு தடவை பார்க்கச் சொல்லும் அழகு. நான் அலையை மட்டும்தான் பார்த்தேன். அலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கவில்லை. அது என் பிசகு.

"இதைக் கடை முகப்பில வைப்போம்" என்றாள். வைத்தாள். கீழே தன் கையாலேயே எழுதினாள்: 'கடலின் அழகு! கடலின் ஆபத்து! நேரில் கண்டவர் நமது மாஸ்டர்.'

கூட்டம் வந்தது. கொழுந்தெடுக்கிறவர்கள், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்கள், ரயிலடிக் கூலிகள். பக்கத்து ஆப்பக்கடைச் சிங்கள மாத்தயா தினமும் வந்து, "ஷோக், மாஸ்டர், ஷோக்!" என்று தலையை ஆட்டினார். எனக்குத் தலை கால் புரியவில்லை. கடை வாசலில் நின்று கடலைப் பற்றி விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அது ஓடும் திசை, அக்கரையில் தெரியும் ஊர்கள், கடல் சேம்பின் மருத்துவக் குணம் எல்லாவற்றையும் சொன்னேன். சனம் தலைப்பாகை நுனியையும் முந்தானையையும் வாயில் அடைத்துக்கொண்டு கேட்டது. என்ன பயம், என்ன பக்தி!

வெள்ளிக்கிழமை கங்காணி வந்தார். முதலில் குடை வந்தது. பிறகு மீசை வந்தது. பிறகுதான் வேலுசாமிக் கங்காணி.

"யோவ் மாஸ்டர்! வெளியே வாய்யா! லயத்துல எவனோ போய் நான் கடல்ல போயிட்டேன்னு சொல்லி, என் சம்சாரம் ஒப்பாரி வைக்கிறா. அவளும் கூடவே போயிட்டாளாம். ரெண்டு பேரும் போயிட்டா ஒப்பாரி யாரு வைக்கிறது?"

"அது நீங்க இல்லை, கங்காணி ஐயா. அது வேற யாரோ..."

"அந்த மீசை எவன் மீசை?"

பார்த்தேன். நான் தேய்த்து மங்கலாக்கிய முகம் நிலாவைப் போலத் தெளிந்திருந்தது. மீசையின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக எண்ணிக்கொள்ளலாம் போல நின்றது.

ஜெயம்மா உள்ளேயிருந்து வந்தாள்.

"வாங்க கங்காணி ஐயா. கோவப்படாம படத்தை நல்லாப் பாருங்க. எவ்வளவு பெரிய அலை! துரைமாருன்னா இந்நேரம் ஓடியிருப்பாங்க. நீங்க உக்காந்த எடத்தை விட்டு எந்திரிக்கலை. கையை முழங்கால்லேருந்துகூட எடுக்கலை."

கங்காணி பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மீசை மெதுவாக மேலே ஏறியது.

"எந்திரிக்கலைதான்" என்றார்.

"ஊருக்கு அனுப்ப ஒரு படம் போட்டுத் தரட்டுமா?"

"மூணு போடு." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா மாஸ்டர், நான் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் எத்தனையோ தடவை கப்பல்ல போய் வந்தவன். வருஷா வருஷம் ஆள் கூட்டி வர்றவன். அக்கரை தெரியற கடலை நான் பாத்ததே இல்லையே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசலில் நின்ற சனத்தைப் பார்த்தேன். பாதிப் பேர் கப்பலேறி வந்தவர்கள். ராத்திரி பகல் கடலில் கிடந்து வந்தவர்கள். அவர்களுக்குத்தான் நான் ஒரு வாரமாகக் கடல் பாடம் நடத்தியிருக்கிறேன். இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. என்ன செய்ய, மகா யோசனை ஒன்று தலைக்குள் ஏறும்போது அங்கே ஏற்கெனவே இருந்ததெல்லாம் இறங்கிப் போய்விடுகிறது.

"அது இவரு தொழில் படிச்ச எடத்துக் கடலுங்க" என்றாள் ஜெயம்மா. "நீங்க கப்பல்ல பாத்தது வேற. இவரே உங்களைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுவாரு. இல்லீங்களா?"

பஜாரே என்னைப் பார்த்தது. ஒன்று, நான் கடலைப் பார்த்ததில்லை என்று அத்தனை பேர் முன்னிலையில் சொல்ல வேண்டும். இல்லை என்றால் போக வேண்டும்.

"போகலாமே" என்றது ஒரு குரல். என் வாயிலிருந்துதான் வந்தது.

"நாளைக்கே ரயில் இருக்கு" என்றார் கங்காணி.

"நல்லதாப் போச்சு" என்றாள் ஜெயம்மா. "கட்டுச்சோத்துக்குப் புளி ஊறிக்கிட்டிருக்கு."

கொழும்பில் கங்காணியின் உறவினர் வீட்டில் தங்கி, காலையில் கடலோரத்துக் காலிமுகத்திடலுக்குப் போனோம். கங்காணி, கங்காணி சம்சாரம், ஜெயம்மா, கேமராப் பெட்டியைச் சுமந்துகொண்டு நான்.

திடலைக் கடந்ததும் அது இருந்தது.

ஒரு பக்கமும் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, வந்துகொண்டும் இருந்தது.

"அக்கரை எங்கே, மாஸ்டர்?" என்றார் கங்காணி.

"இன்னைக்கு மூட்டமா இருக்குங்க, ஐயா" என்றாள் ஜெயம்மா.

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கங்காணி வானத்தைப் பார்த்தார். ஜெயம்மாவைப் பார்த்தார். "ஆமா, ஒரே மூட்டம்" என்று சொல்லிவிட்டுச் சம்சாரத்தோடு கடலைக்காரனைத் தேடிப் போய்விட்டார்.

ஜெயம்மா நனைந்த மணலில் போய் நின்றாள்.

"சின்னப் புள்ளையில வந்தேங்க" என்றாள், என்னைப் பார்க்காமலே. "மழைன்னு எங்களையெல்லாம் கப்பலுக்கு அடியில எறக்கி மூடிட்டாங்க. ராத்திரி பூரா ஒரு சத்தம். ஏறும், எறங்கும், ஓஞ்ச மாதிரி இருக்கும், மறுபடியும் வரும். அது என்னான்னு அம்மாகிட்டக் கேட்டேன். பேசாமத் தூங்குன்னாங்க. கரையில எறங்கினதும் வரிசையா ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. திரும்பிப் பாக்க விடலை."

ஓர் அலை எழுந்தது. உச்சியில் கண்ணாடி போல மெலிந்து, வெயில் ஊடுருவி, அடியில் இருண்டு, நுரையாக மடிந்து விழுந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தீட்டிய அதே அலை. நான் சொன்ன ஒரு பொய்யையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டவள், அதை வைத்தே உருவத்தைத் தீட்டியிருக்கிறாள். வேறு யாருக்கு வரும் அந்தக் கை?

"இதுதானா அது" என்றாள் ஜெயம்மா. கடலிடம்தான் சொன்னாள்.

நான் மெதுவாகக் கேட்டேன். "நான் கடல் பாத்ததில்லைன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே. எங்கப்பா உள்ள வந்து விழுந்து விழுந்து சிரிச்சாரு."

"அப்புறம் எப்படிப் பொண்ணைக் குடுத்தாரு?"

"இவ்வளவு மோசமாப் பொய் சொல்றவன்கிட்ட என் பொண்ணு ஒருநாளும் ஏமாற மாட்டான்னு சொன்னாரு."

கங்காணி கடலையோடு திரும்பி வந்தார். கடலோரம் நின்று ஒரு படம் வேண்டுமென்றார். இந்தத் தடவை சாகாமல். நான் கேமராவை நிறுத்தி, பார்த்துச் சரிசெய்து, படம் விழ அமுக்குகிற ரப்பர் குமிழை ஜெயம்மா கையில் கொடுத்துவிட்டு, கங்காணிக்குப் பக்கத்தில் கம்பீரமாகப் போய் நின்றேன். பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நடந்தது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. மணல் பறந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஊர் திரும்பிய மறுநாள் காலை நான் கடைக்கு வந்தபோது, முகப்பின் முன்னால் என்றுமில்லாத கூட்டம். பழைய படத்தைக் காணவில்லை. புதிய படத்தில் கங்காணி குடையோடு சிலை மாதிரி நின்றார். அவர் கணுக்காலைத் தொட்டுக்கொண்டு ஒரு குட்டி அலை. அந்த அலைக்குப் பயந்து, வேட்டியை இடுப்புவரை தூக்கிக்கொண்டு, வாயைப் பிளந்தபடி கேமராவை நோக்கி ஒருவன் ஓடி வந்துகொண்டிருந்தான். கீழே ஜெயம்மாவின் கையெழுத்தில் ஒரே ஒரு வரி:

'இந்தப் படத்தில் பென்சில் படவில்லை.'