வாசலில் நின்ற சவுக்கு

எனக்கு உற்சாகம் வந்தால் மூளை லீவு போட்டுவிடும். இதை என் மனைவி ஸ்டெல்லா எழுதியே கொடுப்பாள்.

எங்களுடையது ரிஜிஸ்டர் கல்யாணம். கோபத்தில் எட்டிக்கூடப் பார்க்காத மாமனார், கிறிஸ்துமஸுக்கு வேலூரிலிருந்து வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டெல்லா பிளாஸ்டிக் மரம் போதும் என்றாள். (நான் கேட்கிற ஆளா?) நிஜ மரத்தைக் காட்டி மனிதரைக் கவிழ்த்துவிட வேண்டும் என்று, அவர் வரும் நாள் காலையில் அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்புக்குப் போனேன்.

தோப்புக்காரர் இடுப்பளவு கன்று ஒன்றைக் காட்டினார். மாமனாருக்கு அது மரியாதைக் குறைவு என்று எனக்குத் தோன்றியது. பத்தடி மரமாக வெட்டச் சொன்னேன்.

"வூட்டுக்குள்ள நிக்குமா சார்?"

"நிக்கும்ங்க."

வாசலிலேயே நுழையவில்லை. கிளைகளை வெட்டினேன். அப்போதும் நுழையவில்லை. இன்னும் வெட்டினேன். கடைசியில் நுழைந்தது, ஆனால் நிமிர்த்தினால் கூரை இடித்தது. உச்சியில் மட்டும் கொஞ்சம் பச்சை மிஞ்சிய கழியை, ஈரமணல் டின்னில் வாசலோரம் நிறுத்தினேன். வாடாமலிருக்கப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்தேன். (மரத்துக்கே சளி பிடித்திருக்கும்.) பிறகு நட்சத்திரம் வாங்கக் கடைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தால், கழி முழுக்க மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டியிருந்தது.

"மருமவ வூட்டு சாமிக்கு நட்டது. மொட்டையா வுடலாமா?" என்றாள் அம்மா பெருமையாக.

எங்கள் ஊரில் வாசலில் இப்படியொரு கால் நின்றால் அது பந்தக்கால். அந்த வீட்டில் கல்யாணம் என்று அர்த்தம். எதிர்வீட்டு அக்கா தேதி கேட்கவே வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் கேக் பெட்டியோடு மாமனார்.

கழியைப் பார்த்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளையான என்னைப் பார்த்தார்.

"யாருக்குக் கல்யாணம்?"

"ஐயோ மாமா, இது கிறிஸ்துமஸ் மரம்."

"எம் பொண்ணு எங்க?"

அந்த நேரம் பார்த்து, பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஸ்டெல்லா கண்ணும் மூக்கும் சிவந்து வெளியே வந்தாள்.

"பெட்டிய எடும்மா, போலாம்."

எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அம்மாதான் மஞ்சள் கையோடு குறுக்கே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மாமனார் கிரிவலம் வருவதுபோல மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்து, "கேக்க வெட்டுங்க மாப்ள" என்றார். அவர் என்னை மாப்பிள்ளை என்று அழைத்தது அதுதான் முதல்முறை.

இப்போதும் டிசம்பர் பிறந்தால் அவரிடமிருந்து ஃபோன் வந்துவிடும்.

"என்ன மாப்ள, இந்த வருஷம் பொண்ணு யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஃபோனைப் பிடுங்கிக்கொள்வாள்.

"பாத்துனு இருக்கோம் சம்பந்தி. ஒண்ணும் அமைய மாட்டேங்குது."